கொள்ளையனைத் தோற்கடித்த ஊரின் பழைய வங்கி

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரிலிருந்து நார்த்ஃபீல்ட் என்ற சிற்றூருக்குத் தெற்கே அறுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். வாடகைக் கார் ஓட்டுநர் ஏறும்போது பேசியது 70 டாலர். இறங்கும்போது கேட்டது 95. சாலையில் வேலை நடக்கிறது, சுற்றி வந்தேன் என்றார். நேர்வழியில்தான் வந்தோம்! ஒரு நாள் சாப்பாட்டுக் காசு பறிபோனதில் இன்னும் வயிறு எரிகிறது. சொந்த வண்டி இல்லாமல் போகிறவர்கள் கட்டணத்தை எழுதி வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

ஆனாலும் நார்த்ஃபீல்டைத் தவறவிடாதீர்கள். டிவிஷன் தெரு முனையில் 1868-இல் எழும்பிய ஸ்க்ரைவர் கட்டடம் இருக்கிறது. கல் சுவர், வளைவு சன்னல்கள். ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கி இயங்கியது இதற்குள்தான். இப்போது ஊர் வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகம். வங்கி அறையை 1876-இல் இருந்தபடியே மீட்டு வைத்திருக்கிறார்கள். அறை இவ்வளவு சிறியதா என்று திகைத்துப் போனேன்.

அந்த ஆண்டு செப்டம்பர் 7, பிற்பகல். அமெரிக்காவில் பேர்போன கொள்ளையன் ஜெஸ்ஸி ஜேம்ஸும் யங்கர் சகோதரர்களும் சேர்ந்த கொள்ளைக் கூட்டத்தில் எட்டுப் பேர் ஊருக்குள் வந்தார்கள். மூவர் வங்கிக்குள் நுழைந்தார்கள். காசாளர் பிலடெல்பியா கண்காட்சிக்குப் போயிருந்ததால் அவர் பொறுப்பைக் கணக்கர் ஜோசப் லீ ஹேவுட் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டகத்தைத் திறக்கச் சொல்லி அடித்தார்கள், கழுத்தில் கத்தியால் கீறினார்கள். குறித்த நேரத்தில் மட்டுமே திறக்கும் நேரப்பூட்டு போட்டிருக்கிறது, இப்போது திறக்க முடியாது என்று அவர் சாதித்தார். உண்மையில் பெட்டகம் பூட்டப்படவே இல்லை! அந்தப் பெட்டக அறைக்கு எதிரில் நிற்கும்போது என் கை நடுங்கியது. வெளியேறும்போது அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டுப் போனார்கள். கிடைத்ததோ முப்பது டாலருக்கும் குறைவு.

தெருவில் ஊரே திரண்டுவிட்டது. இரும்புக்கடைக்காரர் துப்பாக்கி எடுத்தார். விடுமுறைக்கு வந்திருந்த மருத்துவ மாணவர் ஹென்றி வீலர் எதிர்விடுதி மாடிச் சன்னலிலிருந்து சுட்டார். ஏழே நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. கொள்ளையரில் இருவர் தெருவிலேயே செத்தார்கள். நிக்கொலாஸ் குஸ்தாஃப்சன் என்ற சுவீடன்காரரும் குண்டடிபட்டுப் பிறகு இறந்தார். யங்கர் சகோதரர்கள் மூவரும் இரண்டு வாரத்தில் பிடிபட்டார்கள். ஜெஸ்ஸியும் அண்ணன் ஃபிராங்கும் தப்பிவிட்டார்கள்.

உலகம் ஜெஸ்ஸியை வீரனாக்கிப் பாடுகிறது. அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. இந்த ஊர் கொண்டாடுவது ஹேவுட்டை. ஆண்டுதோறும் செப்டம்பரில் நடக்கும் திருவிழாவுக்கே ‘ஜெஸ்ஸி ஜேம்ஸ் தோல்வி நாட்கள்’ என்றுதான் பெயர். இதே தெருவில் குதிரைகளோடு அந்தச் சண்டையை நடித்துக் காட்டுகிறார்கள்.

சாப்பாடு? கேனன் ஆற்றங்கரையில் ஒரு கிண்ணம் சூடான சூப்பும் ரொட்டியும். அருமை, விலையும் நியாயம். தானிய உணவுத் தொழிற்சாலையின் இனிப்பு வாசம் காற்றில் வேறு. அருங்காட்சியக நுழைவுக்கட்டணம் கார்க்காரர் பிடுங்கியதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. திருவிழாவுக்குப் போவதானால் அறையை மாதக்கணக்கில் முன்பே பிடித்துவிடுங்கள்.