காருக்குள் ஆறு புதன்கிழமைகள்

கனடாவின் டொராண்டோவில், ஸ்கார்பரோ பகுதியில் நாங்கள் இருப்பது ஏழாவது மாடியில் ஒரு பெட்ரூம் வீடு. ஆன்லைனில் கவுன்சிலிங் போகலாம் என்று நான் முடிவு செய்தபோது முதலில் வந்த சிக்கலே எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதுதான். என் கணவருக்கு வேலை போயிருந்தது, நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தார், பேசினால் எல்லாம் கேட்கும். அதனால் 2024 ஜனவரியில், வெளியே மைனஸ் 14 காட்டிய ஒரு புதன்கிழமை, பார்க்கிங்கில் நின்ற எங்கள் பழைய கொரோலாவில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்து வைத்து கவுன்சிலரிடம் முதல் தடவை பேசினேன். பேசப் பேச மூச்சுக்காற்று கண்ணாடியில் எல்லாம் படிந்து வெளியே எதுவும் தெரியாமல் போனது. அது கூட நல்லதாகத்தான் இருந்தது.

நாங்கள் திருச்சியில் இருந்து 2022-இல் வந்தோம். அங்கே ஒரு கான்ட்ராக்டரிடம் எட்டு வருஷம் சைட் என்ஜினியராக இருந்தவள் நான். இங்கே விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு காபிக் கடையில் நிற்கிறேன். வேலை தேடுவது பற்றிய வகுப்பு ஒன்றில், இந்தியாவில் பார்த்த வேலையை ரெஸ்யூமேயில் இருந்து எடுத்துவிட்டால் சின்ன வேலையாவது சீக்கிரம் கிடைக்கும் என்றார்கள். எடுத்துவிட்டேன். அவருக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங். 2023 அக்டோபரில் கான்ட்ராக்ட் முடிந்தது, அதோடு பேச்சும் நின்றது. சாப்பாடு இருக்கிறது, சரி, சாவி எங்கே, இவ்வளவுதான் ஒரு நாளைக்கு. அம்மாவிடம் சொன்னால் "அனுசரிச்சுப் போம்மா" என்பாள். இரண்டு வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

கவுன்சிலர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. ஒவ்வொரு முறையும் ஆரம்பத்தில், இப்போது எங்கே இருக்கிறீர்கள், அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு எழுதிக்கொள்வார். அவருடைய தொழில் பதிவு ஒன்டாரியோ மாகாணத்துக்கு உரியது, நான் மாகாணத்துக்குள் இருக்கிறேனா என்று தெரிய வேண்டும், ஏதாவது ஆபத்து என்றால் உதவிக்கு ஆள் அனுப்ப முகவரியும் வேண்டும். ஆன்லைன் என்பதால் இதில் அலட்சியம் இல்லை என்பது எனக்குத் தெம்பாக இருந்தது.

குறைகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். முழுவதும் கேட்டார், நடுவில் புகவில்லை. அப்புறம், பூஜ்யத்தில் இருந்து பத்து வரை வைத்தால் உங்கள் இல்வாழ்க்கை இப்போது எங்கே நிற்கிறது என்றார். மூன்று என்றேன். பத்துக்கு ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்பார் என நினைத்தேன், பதிலும் தயார். அவர் கேட்டது: "ஏன் இரண்டு எண்டு சொல்லேல்லை?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்தபோது ஞாயிற்றுக்கிழமை லாண்ட்ரி ரூம் நினைவுக்கு வந்தது. கீழே போய், டிரையரில் இருந்து சூடாகத் துணிகளை எடுத்து இரண்டு பேரும் மடிப்போம், பெட்ஷீட்டுக்கு ஆளுக்கு ஒரு முனை. அந்த முக்கால் மணி நேரத்தில் மட்டும் அவர் ஏதாவது சொல்வார், ஊரில் தாத்தா வீட்டுக் கிணறு, பள்ளிக்கூடத்து கிரிக்கெட், இப்படி. ஏன் அங்கே மட்டும் என்று கவுன்சிலர் கேட்டார். முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை, கைக்கு வேலை இருக்கிறது, "என்ன ஆச்சு, ஏதாவது அழைப்பு வந்ததா" என்று நானும் கேட்பதில்லை. இதெல்லாம் நானே சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. அந்த வாரத்துக்கு அவர் கொடுத்த ஒரே வேலை, துணியை ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவையாகத் துவைப்பது.

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. மனநல சிகிச்சையாளர்களான ஸ்டீவ் டி ஷேசரும் அவர் மனைவி இன்சூ கிம் பெர்க்கும் 1978-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஒரு மையம் தொடங்கினார்கள். பிரச்சினையைத் தோண்டுவதை விட, அது வராத நேரங்களில் என்ன நடக்கிறது என்று கேட்கும் முறை அங்கேதான் உருவானது. இன்சூ கிம் பெர்க் கொரியாவில் பிறந்து 1957-இல் அமெரிக்கா வந்தவர். வேறு நாட்டுக்கு வந்து வாழ்க்கையை முதலில் இருந்து தொடங்கியவர் அவரும் என்று படித்தபோது, அந்தக் கேள்விகளில் எனக்கு ஏற்பட்டிருந்த நம்பிக்கை இன்னும் கூடியது.

மூன்றாவது வாரம் திருச்சி சைட் பற்றிக் கேட்டார். கான்கிரீட் போடும் முன்னால் கம்பி இடைவெளி தப்பாக இருந்தால் மேஸ்திரியை ஆட்கள் முன்னால் நான் கேட்க மாட்டேன். டீ வரும் வரை பொறுப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, அந்த மூணாவது ஃபுட்டிங்கை ஒரு தடவை டேப் வெச்சுப் பார்த்துடுவோமா" என்பேன். அவரே போய்ப் பிரித்துக் கட்டுவார். இதைச் சொல்லி முடித்ததும் கவுன்சிலர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, "இதை வீட்டில செய்து பார்த்தனீங்களோ?" என்றார். போர்வைக்குள் அழுதுவிட்டேன். என்னிடம் பொறுமை இருக்கிறது, திறமை இருக்கிறது என்று அவர் ஒருமுறை கூடப் புகழவில்லை. நான் செய்ததை என் வாயாலேயே சொல்ல வைத்தார், அவ்வளவுதான். வெறும் உற்சாகப் பேச்சுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அங்கேதான் புரிந்தது.

அடுத்து ரெஸ்யூமே. "அந்த எட்டு வருசத்தையும் ஏன் எடுத்துப்போட்டீங்கள்?" என்றார். கனடிய அனுபவம் இல்லாமல் என்ஜினியர் லைசென்ஸ் கிடைக்காது என்றார்களே என்றேன். யார் சொன்னது, எப்போது சொன்னது, சரிபார்த்தீர்களா என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டார். தேடிப் பார்த்தால், ஒன்டாரியோவில் என்ஜினியர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் அமைப்பு 2023 மே மாதமே அந்த நிபந்தனையை நீக்கியிருந்தது! எட்டு மாதமாக அது தெரியாமலே இருந்திருக்கிறேன். எட்டு வருஷத்தையும் திரும்பச் சேர்த்தேன், எத்தனை கட்டடம், எத்தனை ஆட்கள் என்ற கணக்கோடு. ஒரு சின்ன நிறுவனத்தில் எஸ்டிமேட் போடும் வேலை ஜூனில் கிடைத்தது, லைசென்ஸ் வேலை இன்னும் நடக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: கவுன்சிலரின் பெயரை முதலில் சைக்கோதெரபிஸ்ட்டுகளின், அதாவது பேச்சு வழியாக மனநல சிகிச்சை தருபவர்களின், பொதுப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள், ஒன்டாரியோவில் இது எவர் வேண்டுமானாலும் நெட்டில் பார்க்கக்கூடியது. இவர்களுக்குக் கொடுக்கும் கட்டணத்தை ஓஹிப், அதாவது ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடு, ஏற்காது. வேலை இடத்து இன்சூரன்ஸில் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் வருமானத்துக்கு ஏற்றபடி குறைப்பீர்களா என்று நேராகக் கேளுங்கள், நான் கேட்டேன், குறைத்தார். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் அங்கே நல்லதைத் தேடிக்கொண்டு உட்காராதீர்கள், 211 என்ற எண்ணைக் கூப்பிட்டால் பாதுகாப்பான இடத்துக்கு வழி சொல்வார்கள், மொழிபெயர்ப்பாளர் வைத்தும் பேசலாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் எந்த நேரமும் 988-ஐக் கூப்பிடுங்கள்.

எனக்கு ஆறு வாரம் போதுமாக இருந்தது. கடைசி வாரத்துக்கு அடுத்த ஞாயிறு, பெட்ஷீட் மடிக்கும்போது கணவர், "எனக்கும் யார்கிட்டயாவது பேசணும்போல இருக்கு" என்றார். கை நிற்காமல் மடித்துக்கொண்டே, சரி என்றேன். ஒருவரே இரண்டு பேரையும் தனித்தனியாகப் பார்ப்பது சரிவராது என்று கவுன்சிலர் வேறு ஒருவரைச் சொன்னார்.

மார்ச் மாதம் ஒரு சாயங்காலம் அவர் கார் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போர்வையோடு கீழே போனார். நான் சாதம் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்த்தேன். கொரோலாவின் கண்ணாடிகள் எல்லாம் ஆவி படிந்து வெள்ளையாக இருந்தன.