செவலைப் பசுவின் புண்ணுக்கு அவள் ரத்தமே மருந்து

மாட்டு ரத்தம் எளிதில் படியாது. குதிரை ரத்தத்தைக் குழாயில் ஊற்றி நிறுத்தினால் சிறிது நேரத்திலேயே சிவப்பணுக்கள் அடியில் இறங்கி மேலே மஞ்சள் தெளிவு நிற்கும். மாட்டு ரத்தமோ ஒரு மணி நேரம் கழித்தும் ஏறக்குறைய ஊற்றியபடியே இருக்கும். அதன் சிவப்பணுக்கள் சிறியவை. காசுகளை அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும் இயல்பும் அவற்றுக்கு இல்லை. அதனால் மனிதர்களுக்கான பிஆர்பி செய்முறையை அப்படியே மாட்டுக்குப் பயன்படுத்த முடியாது.

பிஆர்பி என்பது தட்டணுக்கள் (ரத்தத்தை உறையவைக்கும் நுண்ணணுக்கள்) செறிந்த பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் மஞ்சள் நீர்ப்பகுதி. காயத்தை ஆற்றத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகள் தட்டணுக்களுக்குள் பொதிந்திருக்கின்றன. ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து அவற்றைத் திரட்டிக் காயத்திலேயே வைப்பதுதான் இந்தச் சிகிச்சை.

சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் சித்தப்பா வேலை பார்க்கும் பால்பண்ணையில் செவலை என்ற பசுவுக்குப் பின்னங்கால் மூட்டில் புண். கடினத் தரையில் படுத்து எழுந்து தோல் உரிந்து வந்தது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அது காய மறுத்தது, ஈத்தொல்லை வேறு. பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனுக்கு மாடுகளை அழைத்துப் போனபோதும் அவளை அனுப்பவில்லை. கறவைப் பசுவுக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டால், மருந்தைப் பொறுத்துப் பாலைக் குறிப்பிட்ட காலம் விற்க முடியாது. சொந்த ரத்தத்தில் அந்தச் சிக்கல் இல்லை என்று கால்நடை மருத்துவர் சொன்னார். நான் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்பவள் என்பதால் உதவிக்கு அழைத்தார்.

"பால் கொடுக்கிற மாட்டிடம் ரத்தமும் எடுக்க வேண்டுமா, டாக்டர்?" என்று சித்தப்பா தயங்கினார். 400 கிலோ எடையுள்ள பசுவின் உடலில் 20 லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது, நாம் எடுப்பது 90 மில்லிலிட்டர்தான் என்று மருத்துவர் விளக்கிய பிறகே தலைக்கயிற்றைப் பிடித்தார்.

கழுத்தில் முடியைச் சிரைத்து, கிருமிநாசினியால் திரும்பத் திரும்பத் துடைத்தோம். இதில் அவசரம் கூடாது. பிளாஸ்மாவில் கிருமிகளும் நன்றாக வளரும். கழுத்துப் பள்ளத்தில் கட்டைவிரலை அழுத்தியதும் ரத்தக்குழாய் கயிறு போல எழும்பியது. ரத்தம் உறையாமலிருக்கச் சிரிஞ்சில் முன்பே 10 மில்லிலிட்டர் சோடியம் சிட்ரேட் இருந்தது. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு. குலுக்காமல் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக் கலந்தேன். குலுக்கினால் தட்டணுக்கள் அப்போதே உடைந்து சரக்கைக் கொட்டிவிடும்.

ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் மையவிலக்கியில் சுழற்சி எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது போதாது. ஆரம் 10 செ.மீ. என்றால் நிமிடத்துக்கு 1,000 சுற்றில் விசை புவியீர்ப்பைப் போல 112 மடங்கு; 2,000 சுற்றில் அது 447 மடங்கு. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகிறது. வேறொருவர் எழுதிவைத்த சுற்றுக் கணக்கை நம் இயந்திரத்தில் போட்டால் தட்டணுக்களும் சிவப்பணுக்களோடு அடியில் போய்விடலாம். மருத்துவர் விசையைக் கணக்கிட்டு, மாட்டு ரத்தத்துக்காக முதல் சுழற்சியின் நேரத்தை நீட்டியிருந்தார். அப்படியும் தெளிவு மெல்லத்தான் பிரிந்தது. சிவப்பணுக்களுக்கு மேல் நின்ற வெள்ளணுப் படலத்தைத் தொடாமல் பிளாஸ்மாவை மட்டும் உறிஞ்சி, கூடுதல் விசையில் மீண்டும் சுழற்றினோம். குழாயின் அடியில் வெளிறிய சிறு பொட்டாக ஒட்டிக்கொண்டிருந்தனவே, அவைதான் தட்டணுக்கள். மேலிருந்த பிளாஸ்மாவில் பெரும்பகுதியை நீக்கி, மிச்சத்தில் அந்தப் பொட்டைப் பொறுமையாகக் கரைத்தேன். ஒரு துளியை அணுக்களை எண்ணுவதற்கான கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் எண்ணினேன். மைக்ரோலிட்டருக்குச் சுமார் 10 லட்சம் என்பது பலரும் வைத்துக்கொள்ளும் இலக்கு. எண்ணிப் பார்க்காமல் பிஆர்பி என்று பெயரிடுவதை நான் ஏற்கமாட்டேன்.

குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. குளிர் தட்டணுக்களைக் கெடுக்கும். பண்ணை அலுவலகத்தின் குளிரூட்டியை 22 டிகிரியில் வைத்ததே போதுமாக இருந்தது.

புண்ணைச் சலைன் கொண்டு கழுவி, செத்த தசையை மருத்துவர் சுரண்டி எடுத்தார். பிறகு பிஆர்பியில் சிறிது கால்சியம் குளோரைடு சேர்த்தார். சிட்ரேட் கட்டிப்போட்ட கால்சியத்தைத் திருப்பிக் கொடுத்ததும் உறைதல் மீண்டும் தொடங்குகிறது. கண்ணெதிரே அது கூழாகித் தட்டிலேயே நடுங்கியது. அதைப் புண்ணில் பரப்பி, ஒட்டாத துணி வைத்துக் கட்டினோம்.

அடுத்தடுத்த கட்டு மாற்றங்களில் புண்ணின் தளம் செம்மணி போன்ற புதுத் தசையால் நிரம்பியது. ஓரத்தோல் உள்நோக்கி வளர்ந்தது. முழுப் பெருமையையும் பிஆர்பிக்குக் கொடுக்க மாட்டேன். அதே வாரம் அவள் படுக்கும் இடத்தில் ரப்பர் பாய் விரித்தோம். தரையை மாற்றாமல் எந்த மருந்தை வைத்தாலும் அந்தப் புண் திரும்பியிருக்கும்.

சித்தப்பாவுக்கு இப்போது இன்னொரு பசுவின் மடிவீக்கத்துக்கும் இதையே செய்ய ஆசை. மடிவீக்கத்துக்கு பிஆர்பியை முலைக்காம்பு வழியே செலுத்தி இத்தாலியில் ஆய்வு நடந்திருக்கிறது என்பதையும் கேட்டு வைத்திருக்கிறார். மருத்துவர் உடனே தலையசைக்கவில்லை. முதலில் பாலைக் கல்ச்சருக்கு அனுப்பி எந்தக் கிருமி என்று பார்ப்போம் என்றார். மாதிரி எடுக்கக் குழாய்களை நான்தான் கொண்டுபோகிறேன்.