கென்யாவுக்குத் தொண்டாற்றச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு

கோபிசெட்டிபாளையத்திலிருந்து கென்யாவுக்குத் தன்னார்வப் பணிக்குப் புறப்படும் தங்கை ஒருவர் நேற்று வீட்டுக்கு வந்திருந்தார். அங்கே ஓராண்டு பணியாற்றியவன் என்ற முறையில் அவருக்குச் சொன்னவற்றை இங்கும் பதிகிறேன்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும்; 2016 முதல் அது வாழ்நாள் முழுவதற்கும் செல்லுபடியாகிறது என்றாலும், அந்தச் சிறு அட்டையைத் தொலைத்துவிட்டு ஊர் திரும்பினால் இறங்கியதும் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்திருங்கள்.

அம்மா தரும் பருப்புப் பொடியைப் பிளாஸ்டிக் கேரி பையில் கொண்டு போகாதீர்கள். 2017 முதல் அங்கே அதற்குத் தடை. நம் மஞ்சப்பையே போதும், அதைப் பார்த்தாலே ஊர் நினைவும் வரும். நம் உருண்டை முனை சார்ஜர் அங்குள்ள செவ்வகத் துளைப் பிளக்கில் நுழையாது என்பதால் அடாப்டர் அவசியம்.

எல்லாவற்றையும்விட மலேரியாவில் கவனம் தேவை. கொசுவலையின் ஓரத்தைச் சுற்றிலும் மெத்தைக்கு அடியில் செருகிவிட்டு, உள்ளே கொசு சிக்கியிருக்கிறதா என்று கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்த பிறகே உறங்குங்கள். திரும்பி வந்து சில வாரங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், கென்யாவில் இருந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.