நெஞ்செரிவுக் குளிசையைப் போடுவதும் விடுவதும்

கிளினிக்கில் தரும் மருந்து உறையில் "காலை 1, சாப்பாட்டுக்கு முன்" என்று எழுதியிருக்கும். உள்ளே இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்பிரசோல் 20 மில்லிகிராம் கப்சியூல். "முன்" என்றால் எவ்வளவு முன் என்று உறை சொல்வதில்லை, பாதிப் பிழை அங்கேயே தொடங்கிவிடும். கனபேர் கப்சியூலை விழுங்கிய கையோடு புட்டில் கை வைக்கிறார்கள். சிலருக்குச் சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் ஞாபகம் வரும். இன்னும் சிலர் எரியும் நாளில் மட்டும் ஒன்று போட்டுவிட்டு "இந்த மருந்து எனக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன் என்பதுதான் கணக்கு. அமிலம் பட்டால் இந்த மருந்து பழுதாகிவிடும். அதனால்தான் கப்சியூலுக்குள் இருக்கும் சின்ன மணிகளுக்கு மேலே ஒரு பூச்சு உண்டு. மணிகள் இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலில் கரைந்து, மருந்து இரத்தத்தில் ஏறி, இரத்தம் வழியாகத் திரும்பவும் இரைப்பைச் சுவருக்கு வந்துதான் அமிலம் சுரக்கும் பம்புகளைப் பூட்டுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் பம்பை மட்டுமே பூட்டும், படுத்துக் கிடக்கும் பம்பைத் தொடாது. பம்புகளை எழுப்புவது சாப்பாடு. மருந்து இரத்தத்தில் நிற்பதோ சில மணித்தியாலம். ஆகவே சாப்பாடு உள்ளே போகும் நேரத்துக்கு மருந்து அங்கே காத்திருக்க வேண்டும். வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் பதினொரு மணிக்குச் சாப்பிடுகிறவர் பத்து, பத்தரைக்குப் போடலாம். கந்தசஷ்டிக்கு ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் இருப்பவர் அந்த ஒரு நேரத்துக்கு அரைமணி முன் போட்டால் சரி. ஆனால் இரைப்பைப் புண் இருந்தவர்கள், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் விரதத்துக்கு முன்னரே வைத்தியரிடம் ஒருக்கா கேட்க வேண்டும்.

முதல் நாளே எரிவு அடங்காது. முழு வேலை தெரிய மூன்று, நாலு நாள் எடுக்கும். அதுவரைக்கும் கைகொடுப்பது சுரந்த அமிலத்தை முறிக்கும் அன்டாசிட் பாணி. வெறும் வயிற்றில் குடித்தால் அரை மணி, ஒரு மணிக்குள் அது இறங்கிவிடும். சாப்பிட்டு ஒரு மணி கழித்துக் குடித்தால் இரண்டு, மூன்று மணி நிற்கும். மக்னீசியம் கூடின பாணி வயிற்றைப் போக்கும், அலுமினியம் கூடினது மலத்தைக் கட்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் இரண்டையும் கேட்காமல் தொடக்கூடாது. பொங்கி வரும் உப்புத் தூளும் சமையல் சோடாவும் சோடியம் நிறைந்தவை, பிரஷர்காரருக்கும் இருதயம் பலவீனமானவருக்கும் ஆகாது.

கப்சியூலைக் கடிக்கவோ மணிகளை அரைக்கவோ வேண்டாம், பூச்சுப் போனால் மருந்தும் போச்சு. ஈரமும் இதற்கு எதிரி. அட்டையில் வந்தால் போடும் நேரம் மட்டும் உடையுங்கள். உறையில் தளர்வாக வந்தால் இறுக்கமான மூடியுள்ள போத்தலில் போட்டு, அடுப்படிக்குத் தூரமாக வையுங்கள். மாரியில் சன்னலோரத்தில் கிடந்து ஒட்டிப்போன கப்சியூலை நம்ப வேண்டாம்.

சாதாரண நெஞ்செரிவுக்கு ஒரு சுற்று 4 முதல் 8 வாரம். அதற்குமேல் தொடர்வதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணம் கிளினிக் கொப்பியில் எழுதியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மேல்வயிற்றில் எது வந்தாலும் "காஸ்ரைற்றிஸ்" (இரைப்பை அழற்சி) என்ற ஒரே பெயர்தான். அந்தப் பெயரில் பாமசியில் பழைய துண்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்குகிறவர்கள் உண்டு. இந்த மருந்து விஷமல்ல, பயந்து விடவும் தேவையில்லை. ஆனால் நீண்டகாலம் எடுத்தால் மக்னீசியம் குறையலாம், புறுசமைட் போன்ற சிறுநீர் போக்கும் குளிசையும் சேர்ந்தால் இன்னும் கூடுதலாக. விற்றமின் பி12 குறையலாம். மெட்போமினும் பி12-ஐக் குறைக்கும் என்பதால் நீரிழிவுக்காரர் இரண்டையும் சேர்த்து எடுத்தால் இரத்தத்தில் அதைப் பார்ப்பது நல்லது.

மற்ற மருந்துகளோடு மோதுவதில் முதலாவது, இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் குளோப்பிடோகிரல். இருதயக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்ரென்ற் வைத்தவருக்கு அது வேலை செய்ய ஈரலில் மாற வேண்டும், அந்த மாற்றத்தை ஒமிப்பிரசோலும் அதன் வகையைச் சேர்ந்த ஈசோமெப்பிரசோலும் தடுக்கும். அதே வகைப் பன்ரொப்பிரசோலுக்கு அந்தக் குணம் குறைவு, மாற்றித் தரச்சொல்லிக் கேட்கலாம். தைரொயிட் குறைவுக்குத் தைரொக்சின் எடுப்பவர் நேரத்தைப் பிரித்துப் போட்டால் போதும் என்று நினைப்பார். அன்டாசிட்டுக்கு அது சரி, நாலு மணி இடைவெளி காணும். ஒமிப்பிரசோலுக்குச் சரிவராது, ஏனென்றால் அது நாள் முழுவதும் அமிலத்தைக் குறைத்துத் தைரொக்சின் உறிஞ்சுவதையே கெடுக்கிறது. தொடங்கியோ நிறுத்தியோ 6 முதல் 8 வாரத்தில் ரிஎஸ்எச் என்ற தைரொயிட் இரத்தப் பரிசோதனை பார்ப்பதுதான் வழி.

ஓங்காளத்துக்கும் வாந்திக்கும் என்று கூடவே வரும் டொம்பெரிடோனைப் பலர் "வாய்வுக் குளிசை" என்று மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். வளர்ந்தவருக்கு 10 மில்லிகிராம், நாளுக்கு மூன்று தரம், பெரும்பாலும் ஒரு கிழமைக்கு மேல் வேண்டாம். இருதயத் துடிப்பைக் குழப்பக்கூடியது. கிளரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற அன்ரிபயோட்டிக்குகள், பூஞ்சைக்குத் தரும் புளூகொனசோல் ஆகியவற்றோடு சேர்த்து எடுக்கவே கூடாது. வீட்டில் அமிலத்தைக் குறைக்கும் இன்னொரு வகைக் குளிசையான ரனிற்றிடின் பழைய அட்டை கிடந்தால் அதையும் எறிந்துவிடுங்கள். புற்றுநோய் வரவழைக்கக்கூடிய என்டிஎம்ஏ என்ற மாசு காரணமாக 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதைச் சந்தையிலிருந்து முழுவதும் எடுக்கச் சொன்னது. அதற்குப் பதிலாக அதே வகை மருந்தான பமோற்றிடின் இருக்கிறது.

நிறுத்துவதில்தான் கனபேர் தோற்பது. எட்டு வாரம் முடிந்து ஒரே நாளில் விட்டால் பூட்டியிருந்த சுரப்பு முன்னையைவிட வேகமாகத் திரும்பும். 2009-இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வொன்றில் நெஞ்செரிவே இல்லாதவர்களுக்கு ஈசோமெப்பிரசோலை 8 வாரம் கொடுத்து நிறுத்தினார்கள். அடுத்த நாலு வாரத்தில் 100-க்கு 44 பேருக்கு அமிலத் தொல்லை வந்தது, போலி மருந்து எடுத்தவர்களில் 15 பேருக்கு. ஆகவே விட்ட உடனே எரிந்தால் "வருத்தம் திரும்பிவிட்டது" என்று கப்சியூலுக்கு ஓட வேண்டாம். இரண்டு நேரம் எடுத்தவர் காலை ஒன்றாக்கி இரண்டு வாரம் இருக்கட்டும். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், இன்னும் இரண்டு வாரம். இடையில் எரிந்தால், இரைப்பையில் மிதந்து அமிலம் மேலேறாமல் தடுக்கும் அல்ஜினேற் பாணி சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்குமுன்னும். அதற்கும் அடங்காவிட்டால் இரவில் பமோற்றிடின் 20 மில்லிகிராம். அதைத் தினமும் போட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு பழகிவிடும், வேண்டிய இரவுக்கு மட்டும் வையுங்கள். சிறுநீரகம் பலவீனமானால் அளவு குறைய வேண்டும்.

அந்த மாதத்தில் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே பலகைக் கட்டை வைத்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறுதான் நசியும். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி இடைவெளி. கூழ் குடிக்க வேண்டுமென்றால் பகலில் குடியுங்கள், இரவு உறைப்பும் பழப்புளியும் குறையட்டும்.

எல்லோரும் விடலாம் என்றில்லை. இரத்தம் கசிந்த புண் இருந்தவர், நீண்டகால அமிலத்தால் உணவுக்குழாயின் உட்சுவர் மாறிய (பரெற் மாற்றம்) நிலை உள்ளவர், அஸ்பிரினும் குளோப்பிடோகிரலும் சேர்த்து எடுக்கும் வயதானவர், மூட்டு வலிக்குத் தினமும் டைக்ளோபெனக் போடுபவர் ஆகியோருக்கு இந்த வகை அமில மருந்துதான் காவல். சாப்பாட்டுக்குப் பிறகு டைக்ளோபெனக்கைப் போட்டால் வயிறு தப்பும் என்பது பாதி உண்மைதான். அது இரத்தம் வழியாகவும் இரைப்பையின் காப்பைக் குறைக்கிறது.

நெஞ்சில் இறுக்கம், வியர்வை, இடது கை அல்லது தாடைக்கு இழுக்கும் நோ, மூச்சு வாங்கல் என்றால் பாணி குடித்துப் பார்த்து நேரம் கடத்தாமல் இலங்கையின் 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். விழுங்கக் கஷ்டம், காரணமில்லாத மெலிவு, இரத்த வாந்தி, தார்போலக் கறுத்த மலம் இருந்தால் குளிசைக்கு முன் எண்டோஸ்கோப்பி, அதாவது குழாய்க் கமராவால் உள்ளே பார்ப்பது. இரும்புக் குளிசையும் மலத்தைக் கறுக்க வைக்கும், அதையும் சொல்லுங்கள்.

விட்டு நாலு வாரம் தாண்டியும் எரிவு தொடர்ந்தால் திரும்பவும் வைத்தியரிடம் போங்கள். இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெலிக்கோபக்ரர் பைலோரி கிருமிக்கு மலப் பரிசோதனையோ மூச்சுப் பரிசோதனையோ எழுதினால், அதற்கு முன் ஒமிப்பிரசோலை இரண்டு வாரமும் அன்ரிபயோட்டிக்கை நாலு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் "இல்லை" என்று முடிவு வரும்.