கயிலைக்குப் போக முடியாத எனக்குத் திருவையாறு

கயிலாய யாத்திரை என் நெடுநாள் ஆசை. மலையைச் சுற்றிவர ஏறக்குறைய 52 கிலோமீட்டர், நடுவில் வரும் டோல்மா லா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேல். இருதயத்தில் ஸ்டென்ட், சர்க்கரை, மூட்டுத் தேய்மானம் எல்லாம் இருக்கிற எனக்கு அந்த உயரம் வேண்டவே வேண்டாம் என்று டாக்டர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். ரொம்ப நாள் மனசே சரியில்லை. அப்புறம்தான் திருவையாறு போகலாம் என்று தோன்றியது.

அப்பர் பெருமானும் கயிலைக்குக் கிளம்பியவர்தான். கால் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார், கையும் தேய்ந்தது, மார்பால் ஊர்ந்தார், கடைசியில் புரண்டு புரண்டு போனார், ஆனாலும் திரும்ப மாட்டேன் என்றார். சிவபெருமான் அவர் உடம்பைச் சரியாக்கினாரே தவிர மேலே கூட்டிப் போகவில்லை, அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழச் சொன்னார். எழுந்தவர் கண்ணில் பட்டவை துணையோடு வந்த யானை, கோழி, குயில். அவற்றில்தான் அம்மையப்பரைக் கண்டார். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான், ஆனால் முட்டி வலியோடு அந்தக் கோயிலுக்குள் நின்று நினைக்கும்போது கண் கலங்கிவிட்டது. உடம்பு முடியாதவனைச் சாமி ஒதுக்கவில்லை, அவன் இருக்கிற மண்ணுக்கே தன் காட்சியை இறக்கிக் கொடுக்கிறார்.

ஐயாறப்பரையும் அறம்வளர்த்த நாயகியையும் கும்பிட்டுவிட்டு, தென்கயிலாயச் சந்நிதிக்கு உட்கார்ந்து உட்கார்ந்துதான் போனேன். ராஜேந்திர சோழனின் தேவி பஞ்சவன் மாதேவி எடுப்பித்தது. பிராகாரத்தில் ஓரிடத்தில் நின்று "ஐயாறா" என்று கூப்பிட்டால் ஏழு முறை எதிரொலிக்கும் என்பார்கள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என் குரலுக்கும் அது பதில் சொன்னது, எத்தனை முறை என்று எண்ணத் தோன்றவில்லை.

நோய் போகட்டும் என்று நான் வேண்டவில்லை. ஸ்டென்ட் இருக்கும், மாத்திரை இருக்கும். இந்த உடம்போடு எவ்வளவு தூரம் வர முடியுமோ அவ்வளவு தூரமும் சந்தோஷமாக வர வேண்டும், அதைத்தான் கேட்டேன்.

என் வயதுக்காரர்கள் போவதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் கல்தரை சுடும். சர்க்கரை உள்ளவர்கள் வெறும் வயிற்றோடு போக வேண்டாம். ஆடி அமாவாசையன்று அப்பர் கயிலைக் காட்சி விழா, ஆனால் கூட்டம் அதிகம். நிதானமாகத் தரிசிக்கச் சாதாரண நாளே நல்லது.