மெஸ் வச்சிருக்கவங்களுக்கு: கிரீஸ் டிராப் (கழிவுத்தண்ணில எண்ணெய பிடிக்கிற தொட்டி) போட்டு நான் பட்ட பாடு

மாம்பலம் பக்கம் சின்னதா ஒரு மெஸ் நடத்துறேன், காலைல இட்லி பொங்கல் வடை, மதியம் சாப்பாடு, சாயங்காலம் பஜ்ஜி போண்டா, அவ்ளோதான். போன ஐப்பசி மழைல எங்க வாசலுக்கு நேரா இருக்க மேன்ஹோல் பொங்குச்சு. ஒரே மாசத்துல 3 தடவ. மூணாவது தடவ பக்கத்து வீட்டு மாமா பாத்ரூம்ல தண்ணி எதிர்த்து ஏறிடுச்சு, மனுஷன் வேட்டிய மடிச்சு கட்டிட்டு நேரா கல்லாகிட்ட வந்து நின்னுட்டார், பில்லு கட்ட 6 பேர் நிக்கிறாங்க, அவர் சொன்னத இங்க எழுத முடியாது.

அடைப்பு எடுக்க வண்டி வந்துச்சு, ஜெட் ஹோஸ உள்ள விட்டா கொஞ்ச தூரம் போயி நின்னுடுது. மாமா பொறுமை இல்லாம "ஒரு ஆள இறக்கி விட்டா பத்து நிமிஷ வேலைப்பா"ன்னார். வண்டிக்காரருக்கு சுருக்குனு கோவம் வந்துடுச்சு. "ஆள இறக்கக் கூடாதுன்னு 2013லயே சட்டம் போட்டாச்சு சார், இறக்கினவன் தான் ஜெயிலுக்கு போவான். உள்ள ஒரு ஆள் செத்தா 30 லட்சம் கொடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2023ல சொல்லிருக்கு, நீங்க தர்றீங்களா?"ன்னு கேட்டார். மாமா கப்சிப். முக்கா மணி நேரம் திரும்பத் திரும்ப அடிச்சதுல வெள்ளையா, பழைய மெழுகுவத்தி மாதிரி கட்டி கட்டியா வந்து விழுந்துச்சு. அதுல ஒண்ண குச்சியால உடைச்சு காட்டினார், உள்ள ரெண்டு கருவேப்பிலை. "அண்ணே, இது உங்க கடை தான்"னார். என்னத்த சொல்றது, தெருவுலயே கடை நான் ஒருத்தன் தான்.

அடுத்த வாரம் நோட்டீஸ். 15 நாள்ல கிரீஸ் டிராப் கட்டணும், வெளிய விடுற கழிவுத்தண்ணிய டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் கொடுக்கணும், மொட்டை மாடி மழைத்தண்ணி பைப்ப கழிவுநீர் சேம்பர்ல இருந்து பிரிக்கணும், இல்லன்னா கனெக்‌ஷன் கட். மழைத்தண்ணி பைப் விஷயம் சத்தியமா எனக்கு தெரியாது, பில்டிங் கட்டும்போதே அப்படி சேத்திருக்காங்க. மழை வந்தா மாடித் தண்ணி முழுக்க சாக்கடை லைன்ல இறங்கும், ஏற்கனவே எண்ணெய் படிஞ்சு பாதி அடைச்ச குழாய், அப்பறம் பொங்காம என்ன பண்ணும். அத பிரிச்சு மழைநீர் சேகரிப்பு தொட்டில விட ஒரு நாள் வேலை, முடிஞ்சுது.

கஷ்டம் கிரீஸ் டிராப்ல தான். தெரிஞ்ச பிளம்பர் ஒருத்தர் 3 அறை வச்சு செங்கல்லுலயே கட்டி கொடுத்தார், 38 ஆயிரம். பாக்க நல்லா தான் இருந்துச்சு. டெஸ்ட்டுக்கு லேப்ல இருந்து பையன் வந்தான், நான் பிசிலரி பாட்டில் நீட்டினேன், சிரிச்சுட்டான். எண்ணெய் பாக்கணும்னா வாய் அகலமான கண்ணாடி பாட்டில் தான் வேணுமாம், பிளாஸ்டிக்னா எண்ணெய் ஓரத்துல ஒட்டிக்கும், அதுலயே ஆசிட் சொட்டு விட்டு மூடி எடுத்துட்டு போனான். BODன்னு ஒண்ணு, தண்ணில இருக்க அழுக்க கிருமிங்க தின்ன எவ்ளோ ஆக்சிஜன் வேணும்னு பாக்குறது, அதுக்கு 27 டிகிரில 3 நாள் வைக்கணும், அதனால இன்னிக்கு கொடுத்து நாளைக்கு ரிப்போர்ட் வராது, நோட்டீஸ் நாள எண்ணிட்டு இருக்கவங்க இத கணக்குல வச்சுக்கோங்க.

ரிப்போர்ட் வந்துச்சு: எண்ணெய் லிட்டருக்கு 130 மில்லிகிராம், BOD 610, pH (குறைஞ்சா புளிப்பு, கூடினா சோப்பு மாதிரி காரம்) 5.1. மூணுமே ஃபெயில். பொது சாக்கடைல விடலாம்னு இருக்க அளவு எண்ணெய் 20, BOD 350, pH 5.5ல இருந்து 9க்குள்ள. 1986 சுற்றுச்சூழல் விதிகள்ல அட்டவணையா இருக்கு, அத பிரிண்ட் எடுத்து கல்லால வச்சு ரெண்டு நாள் பாத்துட்டே இருந்தேன். அதுல ஆறு குளத்துல விட ஒரு வரிசை, சாக்கடைல விட ஒரு வரிசை. BOD ஆத்துல 30, சாக்கடைல 350, கிட்டத்தட்ட 12 மடங்கு சலுகை, ஏன்னா அந்தப் பக்கம் சுத்திகரிப்பு நிலையத்துல கிருமிங்க அத தின்னுடும். ஆனா எண்ணெய்? ஆத்துல 10, சாக்கடைல 20. அவ்ளோதான் விட்டு கொடுத்திருக்காங்க. இத பாத்த அப்பறம் தான் புரிஞ்சுது, குழம்பு மிச்சத்த கூட ஓரளவு மன்னிப்பாங்க போல, எண்ணெய மன்னிக்க மாட்டாங்க, ஏன்னா அதுல நிறைய நிலையம் வரைக்கும் போறதே இல்ல, வழியிலயே, என் கேஸ்ல மாமா வீட்டு வாசல்லயே உக்காந்துடுது.

டிராப் கட்டியும் ஏன் 130? மூடிய தூக்கி நானே கால் மணி நேரம் உக்காந்து பாத்தேன். எண்ணெய் மேல தான மிதக்கும், வெளிய போற பைப்பையும் நம்மாளு மேல்மட்டத்துலயே நேரா வச்சிருக்கார், மிதக்குறது எல்லாம் ஜம்முனு அதுலயே போகுது. பைப் வாயில ஒரு டி (T வடிவ இணைப்பு) போட்டு கீழ முக்கால் ஆழத்துக்கு இறக்கி விடணும், அப்ப தான் அடித்தண்ணி மட்டும் போகும், எண்ணெய் மேலயே நிக்கும். 400 ரூபா சாமான். இன்னொண்ணு, பாத்திரம் கழுவுற அக்கா கொதிக்க கொதிக்க வெந்நீர் ஊத்துவாங்க, அந்த சூட்டுல கொழுப்பு உருகி தண்ணியோட டிராப்ப தாண்டிடும், வெளிய குழாய்ல போய் ஆறி கட்டியாகும். இதுக்கு நடுவுல ஒரு நண்பர் "காஸ்டிக் சோடா போடு, எல்லாம் கரைஞ்சுடும்"னார். போட்டா pH 9 எல்லாம் தாண்டி எங்கயோ போயிடும், அது இன்னொரு ஃபெயில். தயவு செஞ்சு போடாதீங்க.

pH 5.1க்கு காரணம் தேட ரொம்ப நேரம் ஆகல, புளிச்ச மாவு. கிரைண்டர் கழுவுறது, மிச்ச மாவு அண்டாவ அப்படியே அலசி ஊத்துறது எல்லாம் காலைல தான், சாம்பிளும் காலைல தான் எடுத்தான். எங்கப்பா காலத்துல இதெல்லாம் பிரச்னையே இல்ல, கழுநீர் எடுக்க பால்காரர் தினம் வருவார், வடிச்ச கஞ்சி, அரிசி களைஞ்ச தண்ணி, மாவு கழுவினது எல்லாம் அவர் மாட்டுக்கு தான். மாடு போச்சு, கழனிப்பானை போச்சு, எல்லாம் சிங்க்குக்கு வந்துடுச்சு.

இப்ப மாவ கரண்டியால வழிச்சு எடுத்த அப்பறம் தான் அண்டா சிங்க்குக்கு போகும். தட்டுல மிச்சம் பக்கெட்டுக்கு, சிங்க்ல ரெண்டு அடுக்கு வலை, எண்ணெய் சட்டிய பேப்பரால துடைச்சுட்டு தான் கழுவணும். பொரிச்ச எண்ணெய பயோடீசலுக்கு வாங்குறவங்க கேன்ல எடுத்துட்டு போறாங்க, காசும் வருது. எப்படியும் TPC (திரும்பத் திரும்ப காய்ச்சினா எண்ணெய்ல சேர்ற கெட்ட பொருள்) 25 சதவீதம் தாண்டின எண்ணெய்ல பொரிக்கக் கூடாதுன்னு 2018ல இருந்தே ரூல் இருக்கு.

ரெண்டாவது ரிப்போர்ட்: எண்ணெய் 14, BOD 290, pH 6.4. நோட்டீஸ் விட்ட ஆபீஸ் இன்ஜினியர் வந்து பேப்பர வாங்கினாரே தவிர படிக்கல, நேரா போய் டிராப் மூடிய தூக்கி குச்சி விட்டு மேல எவ்ளோ கனத்துக்கு படிஞ்சிருக்குன்னு பாத்தார். "எத்தன நாளைக்கு ஒரு தடவ எடுக்குறீங்க?" மூணு நாள்னேன். "மழை நாள்லயும் எடுங்க"ன்னு சொல்லிட்டு கையெழுத்து போட்டார்.

அந்த எடுக்குற வேலை தான் யாரும் முன்னாடி சொல்லாத விஷயம். நாத்தம் குடலப் பிரட்டும், அதனால ராத்திரி கடை மூடின அப்பறம் தான் செய்றோம். வழிச்சு எடுத்தத சிங்க்லயே கழுவி விட்டா மொத்தமும் வீண், மரத்தூள் கலந்து கெட்டியாக்கி தனியா கொடுத்துடுறோம். பசங்க ஒருத்தனும் கிட்ட வர மாட்டேங்குறான், முறை போட்டும் பாத்தேன், நடக்கல. நானும் அக்காவும் தான். மாமா ராத்திரி வாக்கிங் போறப்ப மூக்க பொத்திட்டு நின்னு "இன்னிக்கு எடுத்தாச்சா?"ன்னு கேட்டுட்டு தான் போவார்.