சேறாகிப்போன ஊதா

வேலூரிலிருந்து ஆரணிக்குச் செல்லும் சாலையை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் பாடம் நடத்திய ஆண்டுகளில், வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டு பாடவேளைகளை ஓவியத்துக்கென்று ஒதுக்கியிருந்தேன். சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றும் முதன்மை நிறங்கள் என்றும், அவற்றை இரண்டிரண்டாகக் கலந்தால் ஆரஞ்சு, பச்சை, ஊதா பிறக்கும் என்றும், நான் படித்தபடியே கரும்பலகையில் வட்டம் வரைந்து எழுதிப் பிள்ளைகளை ஒப்பிக்கவும் வைத்தேன். அதன் பிறகே தூரிகையைக் கையில் கொடுத்தேன்.

மஞ்சளும் நீலமும் பச்சையானபோது வகுப்பே ஆரவாரித்தது. ஊதாவுக்கு வந்தபோதுதான் சிக்கல். கொட்டாங்குச்சியில் தண்ணீரும் பழைய எவர்சில்வர் தட்டில் வண்ணமுமாக உட்கார்ந்திருந்த ஒரு பையன், சிவப்பில் நீலத்தைத் தொட்டு வைத்து மூன்று சுற்று சுற்றினான். ஓரத்தில் செம்பழுப்பாகக் கசிந்தது. நடுவே ஈரக் களிமண்ணைப் போலக் கெட்டியாக நின்றது. "டீச்சர், ஊதா வரல. ஏரிச் சேறு மாதிரி இருக்குது" என்றான். தூரிகையைக் கழுவாமல் தொட்டிருப்பாய் என்று கடிந்துகொண்டேன். அவன் எழுந்து போய்த் தண்ணீரை மாற்றிக் கொண்டுவந்து, தூரிகையை அலசி, மறுபடி கலந்தான். மறுபடியும் சேறுதான். நோட்டில் 'ஊதா' என்று எழுதியிருந்த இடத்துக்கு நேராக அந்தப் பழுப்புப் பொட்டை வைத்துவிட்டு, நான் சொன்னதை நம்புவதா, கண்ணில் படுவதை நம்புவதா என்று புரியாமல் அவன் என்னை நிமிர்ந்து பார்த்ததை என்னால் மறக்க முடியவில்லை.

பிழை அவனுடையதல்ல, வட்டத்தை மட்டும் நம்பிய என்னுடையது. எந்த வண்ணமும் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிக்கொண்டு, மீதியைத்தான் கண்ணுக்கு அனுப்புகிறது. எங்களிடம் இருந்த சிவப்பு, ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது. நீல ஒளியை அது ஏறக்குறைய முழுவதுமாக விழுங்கிவிடும். நீலமோ பச்சைப் பக்கம் சாய்ந்தது. அது சிவப்பு ஒளியை விழுங்கும். இரண்டையும் கலந்தால், ஊதாவுக்கு வேண்டிய ஒளி எதுவும் திரும்பி வராது. அடுத்த வாரம், பீட்ரூட் சாற்றின் சாயல் கொண்ட கிரிம்சன் சிவப்பையும், அந்தக் காலத்தில் வெள்ளைத் துணிக்குப் போட்ட நீலப் பொடியின் நிறத்தில் இருக்கும் அல்ட்ராமரினையும் வாங்கிச் சென்றேன். அதே பையன் கலந்தான். "கத்தரிப்பூ!" என்றான். இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்குப் பேர்போன மாவட்டம் எங்களுடையது. அந்தப் பூவைப் பார்த்திராத பிள்ளை வகுப்பில் இல்லை. பாதிப் பேர் வீட்டில் நீலத்தைத்தான் ஊதா என்பார்கள் என்பதும், நான் ஊதா, ஊதா என்று சொல்லிக்கொண்டிருந்தது அவர்களை எவ்வளவு குழப்பியிருக்கும் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதன்பின் வட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு, வீட்டில் வழங்கும் நிறப்பெயர்களைக் கேட்டு வரச் சொன்னேன். கிளிப்பச்சை, அரக்கு, வெங்காயத் தோல், மாம்பழ மஞ்சள், செங்காவி என்று வந்து குவிந்தன. பட்டுக்குப் பேர்பெற்ற ஆரணி 1989 வரை எங்களோடு ஒரே வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த ஊர். இன்றும் அந்தப் பக்கத்து உறவு வீடுகளில் தறி ஓடுகிறது. அப்படி ஒரு வீட்டுச் சிறுமி, உள்ளங்கை அகலத்தில் மயில் கழுத்து நிறப் பட்டுத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். சன்னலோரம் பிடித்துச் சாய்த்தால் நீலம், திருப்பினால் பச்சை. ஒரு முனையைப் பிரித்துப் பார்த்தோம்: நீளவாட்டு இழையான பாவு நீலம், குறுக்கே ஓடும் ஊடை பச்சை. இழைகள் ஒன்றோடொன்று கலக்கவே இல்லை, கலப்பது நம் கண்தான் என்பதை நான் விளக்கும் முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

பாரிஸின் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் பொறுப்பிலிருந்த செவ்ரூல் என்ற வேதியியலாளர், கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்ற புகாரை ஆராய்ந்து, குறை சாயத்தில் இல்லை, அருகில் நெய்த நிறத்தில்தான் இருக்கிறது என்று கண்டறிந்து 1839-இல் நூலாக வெளியிட்ட செய்தியை அன்று சொன்னேன். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது வெளிநாட்டுக் கதையாகப் படவில்லை. ஒரே சாம்பல் தாளைச் சதுரமாக வெட்டிச் சிவப்பு அட்டையிலும் பச்சை அட்டையிலும் ஒட்டினோம். சிவப்பின்மேல் அது பச்சை பாய்ந்து தெரிந்தது. நம்பாதவர்கள் பிய்த்தெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

என்னைத் திணற வைத்த கேள்வி கடைசியில் வந்தது. வெள்ளை சேர்த்தால் எந்த நிறமும் வெளிறும் என்று சொல்லியிருந்தேன். "ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் வெள்ளைச் சுண்ணாம்பைத்தானே போடுறாங்க டீச்சர், அது ஏன் சிவக்குது?" என்று நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள். வாயால் பதில் சொல்லத் தயங்கி, மறுநாள் மஞ்சள்தூளும் சுண்ணாம்பும் ஓர் எலுமிச்சம்பழமும் எடுத்துச் சென்றேன். முதலில் தட்டில் மஞ்சள் வண்ணமும் சிவப்பு வண்ணமும் கலந்து, இனி இதைப் பிரித்துப் பழைய மஞ்சளாக்க முடியுமா என்று கேட்டேன், முடியாது என்றார்கள். பிறகு மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தேன், சிவந்தது. அரைப் பழத்தைப் பிழியும் பொறுப்பை அவளுக்கே கொடுத்தேன். சாறு விழுந்த இடத்தில் நுரைத்துக்கொண்டு சிவப்பு விலகி, மஞ்சள் மெல்லத் திரும்பி வந்தது. இது கலவை அல்ல, சுண்ணாம்பின் காரமும் எலுமிச்சையின் அமிலமும் மஞ்சளையே மாற்றுகின்றன என்று நான் சொல்லத் தொடங்கியபோது, அவள் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. விரல் நுனியில் சுண்ணாம்பை எடுத்து, மறுபடியும் தட்டின் நடுவில் வைத்துக்கொண்டிருந்தாள்.